பின்னலின் வரலாறு – 14: பெரிய பெட்டியைக் கைவிட்டவர்கள்

2004 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கணினியியல் மாநாட்டில் கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் மேப்ரெடியூஸ் பற்றிய தங்கள் கட்டுரையை முன்வைத்தார்கள். ஆயிரக்கணக்கான மலிவுக் கணினிகளை ஒரே வேலையில் பூட்டுவது எப்படி என்று விளக்கிய கட்டுரை அது. மென்பொருள்காரர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். நம் தொடருக்கு வேண்டிய செய்தியோ, பெரும்பாலோர் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப்போகும் ஓரிரு வரிகளில் இருக்கிறது. சோதனைக்கு எடுத்துக்கொண்டவை சுமார் 1,800 கணினிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிகாபிட் ஈதர்நெட் இணைப்பு. எல்லாம் ஒரே நேரத்தில் பேச முற்பட்டால் 1,800 கிகாபிட் வேண்டும். அவற்றை இணைத்த மரவடிவ வலையின் உச்சியில் கிடைத்தது 100 முதல் 200 கிகாபிட் மட்டுமே.

வலையின் கொள்ளளவு தங்களுக்கு அரிதான பொருள் என்று அந்தக் கட்டுரை ஒளிக்காமல் சொல்கிறது. அதனால்தான் மேப்ரெடியூஸ் வேலையைப் பங்கிடும்போது, தரவு எந்தக் கணினியின் வட்டில் கிடக்கிறதோ அந்தக் கணினிக்கே வேலையைக் கொடுக்கப் பார்க்கும். அது முடியாவிட்டால் அதே சுவிட்ச்சில் மாட்டியிருக்கும் பக்கத்துக் கணினிக்குக் கொடுக்கும். தரவை நகர்த்தாதே, வேலையை நகர்த்து என்ற இந்த உத்தியைப் பாடப் புத்தகங்கள் புத்திசாலித்தனத்தின் எடுத்துக்காட்டாகக் காட்டுகின்றன. புத்திசாலித்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பெரிய பற்றாக்குறை இருந்தது. அந்தப் பற்றாக்குறை எப்படித் தீர்ந்தது என்பதே இந்தப் பகுதி.

கூகுளின் தரவு மையத்தில் அன்று இருந்தது நான்கு தூண் வலை. ஒரு ரேக்கில் 40 சர்வர்கள், ரேக்கின் தலைமாட்டில் ஒரு சிறிய சுவிட்ச். அந்தச் சுவிட்ச்சிலிருந்து தலா ஒரு கிகாபிட் கொண்ட நான்கு இணைப்புகள் கிளம்பி நான்கு பெரிய ரவுட்டர்களுக்குப் போகும். ஒவ்வொரு ரவுட்டரிலும் 512 போர்ட்டுகள். பெருக்கிப் பார்த்தால் 512 ரேக்குகள், 20,480 சர்வர்கள், நடுவில் மொத்தம் 2 டெராபிட். ஒரு ரேக்குக்குள் 40 சர்வர்களும் முழு வேகத்தில் பேசிக்கொள்ளலாம். ரேக்கை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் 40 பேருக்கும் சேர்த்து 4 கிகாபிட்தான். பத்தில் ஒரு பங்கு.

இன்னும் பெரிய ரவுட்டர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். வாங்கக் கிடைக்கவில்லை. 512 போர்ட் என்பதே அன்றைய சந்தையின் உச்சத்தில் இருந்த பெட்டி. அதன் விலையும் சாதாரண சுவிட்ச்சின் விலையைப் போர்ட் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதைவிடப் பல மடங்கு. இதற்காக ரவுட்டர் செய்த நிறுவனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்காகவும் பெரிய அலுவலகங்களுக்காகவும் செய்தார்கள். நாடு முழுவதும் பரவிய இணைப்பை நடத்துகிறவருக்கு ஒரு பெட்டி ஒரு நிமிடம் நின்றாலும் பெரும் நட்டம். ஆகவே இரட்டை மின்வழங்கி, இரட்டைக் கட்டுப்பாட்டு அட்டை, ஓடும்போதே கழற்றி மாட்டும் வசதி, உலகத்தின் எல்லா வழித்தடங்களையும் நினைவில் வைக்கும் அட்டவணை, கண்டம் தாண்டிப் போகும் தாமதத்தைத் தாங்கும் அளவுக்குப் பாக்கெட்டுகளைத் தேக்கிவைக்கும் நினைவகம் என்று எல்லாமே ஒரே பெட்டிக்குள் வந்தன. ஒரே கட்டடத்துக்குள் ஒரு ரேக்கிலிருந்து இன்னொரு ரேக்குக்குப் போகும் பாக்கெட்டுக்கு இவற்றில் பெரும்பகுதி தேவையில்லை. விலையை மட்டும் முழுமையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

போக்குவரத்தின் திசையும் மாறியிருந்தது. பழைய தரவு மையத்தில் வெளியுலகிலிருந்து கேள்வி வரும், ஒரு சர்வர் பதில் அனுப்பும். தேடுபொறியில் அப்படியில்லை. நீங்கள் தட்டும் ஒரு சொல் உள்ளே நூற்றுக்கணக்கான கணினிகளிடம் பிரிந்து போய், அத்தனை பதில்களும் திரும்பிவந்து, ஒன்றாகச் சேர்ந்த பிறகே உங்களுக்கு ஒரு பக்கம் வருகிறது. வாசல் வழியே போவது கொஞ்சம், உள்ளுக்குள்ளேயே நடப்பது மிக அதிகம். 2008இலிருந்து 2014 வரை கூகுள் சர்வர்கள் தங்களுக்குள் அனுப்பிய தரவின் அளவு ஏறத்தாழ 50 மடங்கு பெருகியது. 12 முதல் 15 மாதங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பு என்ற கணக்கு. எந்த விற்பனையாளரின் அடுத்த பெட்டியும் அந்த வேகத்தில் வளராது.

விடை 1953ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் க்ளோஸ். அவருக்கு முன்னிருந்த சிக்கல் தொலைபேசி. 10,000 சந்தாதாரர்கள் உள்ள ஒரு நிலையத்தில் யாரும் யாரோடும் எந்த நேரத்திலும் பேச வழி வேண்டும். நேரடியாகச் செய்வதென்றால் 10,000 கிடைக்கோடுகள், 10,000 செங்குத்துக் கோடுகள் போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் இணைப்பியை வைக்க வேண்டும். 10 கோடி இணைப்பிகள். அன்று அவை மின்காந்தத்தால் அசையும் உலோகத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, ஒவ்வொன்றும் பழுதாகும்.

க்ளோஸ் ஒரே பெரிய சுவிட்ச்சுக்குப் பதில் சிறிய சுவிட்ச்களை மூன்று வரிசையாக நிறுத்தினார். முதல் வரிசையில் 100 சுவிட்ச்கள், ஒவ்வொன்றிலும் 100 சந்தாதாரர்கள் நுழைகிறார்கள். கடைசி வரிசையிலும் அப்படியே. முதல் வரிசையின் ஒவ்வொரு சுவிட்ச்சிலிருந்தும் நடுவரிசையின் ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் ஒரு கம்பி போகிறது. அங்கிருந்து கடைசி வரிசையின் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. நடுவரிசையில் எத்தனை வைத்தால் யாருக்கும் வழி அடைபடாது என்பதுதான் கேள்வி. அவர் நிறுவிய விதம் எளிமையானது, அழகானது. என் சுவிட்ச்சில் இருக்கும் மற்ற 99 பேரும் பேசிக்கொண்டிருந்தால் நடுவரிசையில் அதிகபட்சம் 99 சுவிட்ச்கள் எனக்குக் கிடைக்காது. நான் பேச நினைப்பவரின் சுவிட்ச்சில் மற்ற 99 பேரும் பேசிக்கொண்டிருந்தால், அவர் பக்கத்திலிருந்து இன்னொரு 99 சுவிட்ச்கள் அடைபடும். மிக மோசமான நிலையில் இந்த இரண்டு கூட்டமும் முற்றிலும் வேறு வேறாக இருக்கும். அப்போது 198 போய்விடும். 199ஆவது ஒன்று இருந்தால் அது கட்டாயம் காலியாக இருக்கும். அவ்வளவுதான் நிரூபணம். இந்த அமைப்புக்கு வேண்டிய இணைப்பிகளை எண்ணினால் 59,70,000. 10 கோடிக்குப் பதிலாக 60 லட்சத்துக்கும் குறைவு.

பெரிய சுவிட்ச் ஒன்றைச் செய்யப் பெரிய சுவிட்ச் தேவையில்லை, சிறியவற்றைச் சரியாகக் கட்டினால் போதும் என்று க்ளோஸ் காட்டியது தொலைபேசித் துறையில் வேரூன்றியது. கணினித் துறையில் 1985இல் எம்.ஐ.டி.யின் சார்லஸ் லெய்சர்சன் இதற்கு நெருங்கிய ஓர் அமைப்பைக் கொழுத்த மரம் என்ற பெயரில் மீகணினிகளுக்காக வகுத்தார்: வேரை நோக்கிப் போகப் போகக் கிளைகள் தடிக்கும் மரம். மீகணினிக்காரர்கள் பயன்படுத்தினார்கள். ஈதர்நெட் உலகம் மட்டும் தொடவில்லை. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஈதர்நெட் சட்டகத்தில் இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துப்போ என்று சொல்லும் எண் கிடையாது. வலையில் ஒரு வளையம் இருந்தால் ஒரே சட்டகம் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து வலையையே மூழ்கடித்துவிடும். அதைத் தடுக்க ராடியா பெர்ல்மேன் 1985இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறை கூடுதல் வழிகளை அடைத்து, மரத்தின் ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து வைக்கும் என்று முன்பே பார்த்தோம். க்ளோஸ் அமைப்பின் உயிரே நூறு வழிகள் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்தான். இரண்டும் ஒன்றாக வாழ முடியாது. அந்த மரத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு சிறிய சுவிட்ச்சையும் ஐ.பி. முகவரி பார்த்து வழி சொல்லும் ரவுட்டராக மாற்ற வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட சிறிய சுவிட்ச் மலிவாகக் கிடைத்தாலொழிய இந்தக் கணக்கெல்லாம் காகிதத்தோடு நின்றிருக்கும். 1990களில் பெரிய நிறுவனங்கள் தங்கள் சுவிட்ச்சுக்கான சில்லுகளைத் தாங்களே வடிவமைத்துக்கொண்டன, வெளியே விற்பதில்லை. 2000களின் தொடக்கத்திலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. ஹென்றி சாமுவேலியும் ஹென்றி நிக்கலஸும் 1991இல் தொடங்கிய பிராட்காம், ஒரு சுவிட்ச்சின் மூளை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கி, கேட்டவருக்கெல்லாம் விற்றது. கலிபோர்னியாவில் கால்டெக் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த ஃபுல்க்ரம் என்ற சிறு நிறுவனம், கடிகாரத் துடிப்பே இல்லாமல் இயங்கும் சுற்றுகளைக் கொண்டு மிகக் குறைந்த தாமதமுள்ள 10 கிகாபிட் சில்லுகளைச் செய்தது.

இந்தச் சில்லுகள் என்ன செய்கின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஈதர்நெட்டின் மிகச் சிறிய சட்டகம் 64 பைட். முன்னொட்டையும் கட்டாய இடைவெளியையும் சேர்த்தால் கம்பியில் 84 பைட் இடம் பிடிக்கும். 10 கிகாபிட் வேகத்தில் அது கடந்துபோக 67.2 நானோ நொடி. ஒரு போர்ட்டில் வினாடிக்கு 1 கோடியே 48 லட்சம் சட்டகங்கள். 2010இல் பிராட்காம் வெளியிட்ட டிரைடன்ட் சில்லில் இப்படி 64 போர்ட்டுகள். எல்லாப் போர்ட்டும் நிரம்பி வழிந்தால் நானோ நொடிக்கு ஒரு சட்டகம் வீதம் வந்து விழும். ஒளியிழைக்குள் ஒளி 20 சென்டிமீட்டர் நகர்வதற்குள், இந்தச் சில்லு ஒரு சட்டகத்தின் தலைப்பைப் பிரித்து, ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அட்டவணையில் முகவரியைத் தேடி, அனுமதி உண்டா என்று பார்த்து, போக வேண்டிய போர்ட்டைத் தீர்மானித்துவிட வேண்டும். ஒரு சட்டகத்துக்கு எடுக்கும் மொத்த நேரம் இதைவிடப் பல நூறு மடங்கு அதிகம்தான். பல படிகளில் பல சட்டகங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருப்பதால் சமாளிக்க முடிகிறது. எந்தப் பொதுச் செயலியும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. உள்ளே பாக்கெட்டுகள் காத்திருக்க இருந்த இடமோ 9 மெகாபைட்தான். பெரிய ரவுட்டர்களில் கிகாபைட் கணக்கில் இருந்த தேக்கத்தைச் சில்லு செய்தவர்கள் துணிந்து விட்டுவிட்டார்கள். மலிவின் இரகசியத்தில் பாதி அது.

இனி கூகுளுக்குத் திரும்பலாம். 2005இல் ஃபயர்ஹோஸ் 1.0 என்ற பெயரில் ஒரு முயற்சி தொடங்கியது. இலக்கு, 10,000 சர்வர்களுக்குத் தலா ஒரு கிகாபிட், எந்த அடைப்பும் இல்லாமல். கிடைத்த சில்லில் 10 கிகாபிட் போர்ட்டுகள் எட்டே எட்டு. அவற்றைக் கொண்டு க்ளோஸ் அமைப்பைக் கட்ட வேண்டும். சில்லை எங்கே பொருத்துவது? சுவிட்ச் செய்து பழக்கமில்லாத ஒரு நிறுவனம். சர்வர்தான் அவர்களுக்குத் தெரிந்த பொருள். ஆகவே சுவிட்ச் சில்லுகளை அட்டைகளில் பதித்து, அந்த அட்டைகளைச் சாதாரண சர்வர்களின் பி.சி.ஐ. துளைகளில் செருகினார்கள். சர்வரே சுவிட்ச்சின் உடல்.

அது தோற்றது. உற்பத்திக்கே போகவில்லை. காரணத்தை அவர்களே பின்னாளில் நேர்மையாக எழுதினார்கள்: அந்தச் சர்வர்கள் அடிக்கடி நின்றுபோயின, திரும்ப எழ நெடுநேரம் எடுத்தன. இந்தத் தோல்வி எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான கட்டமாகப் படுகிறது. கூகுளின் பெருமையெல்லாம் நம்பகமில்லாத மலிவுக் கணினிகளிலிருந்து நம்பகமான சேவையைச் செய்துகாட்டியதில் இருந்தது. ஒரு கணினி செத்தால் வேலையை இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். ஆனால் அந்தக் கணினிக்குள் வலையின் ஒரு முடிச்சு உட்கார்ந்திருந்தால், அது நிற்கும்போது அதன் வழியே போய்க்கொண்டிருந்த பலருடைய உரையாடலும் சேர்ந்து அறுகிறது. மாற்று வழிகள் இருந்தாலும், எவை செத்தன எவை பிழைத்தன என்ற செய்தி வலை முழுவதும் பரவி எல்லாரும் ஒத்துக்கொள்வதற்குள் அடுத்தது நின்றுவிடும். சர்வருக்குப் பொருந்திய கொள்கை வலைக்கும் பொருந்தியது. ஆனால் எந்த அளவுக்குச் சாவைத் தாங்கலாம் என்பதில் எல்லை வேறாக இருந்தது. அதை வாசித்துத் தெரிந்துகொள்ள அன்று புத்தகம் இல்லை.

அடுத்த ஆண்டே ஃபயர்ஹோஸ் 1.1 வந்தது. அதே 8 போர்ட் சில்லு, அதே க்ளோஸ் கணக்கு. உடல் மட்டும் மாறியது: தனியாக வடிவமைத்த உறை, அதைக் கவனித்துக்கொள்ள ஒரு சிறிய கணினிப் பலகை. இணைப்புக்குத் தடித்த தாமிரக் கேபிள்கள். 14 மீட்டருக்கு மேல் அவை தாங்காது என்பதால் ஒளியிழையைக் கொண்டு 100 மீட்டர் வரை போகும் மாற்றுக் கேபிளை வெளியாருடன் சேர்ந்து செய்ய வேண்டியிருந்தது. இதையும் அவர்கள் ஒரேயடியாக நம்பிவிடவில்லை. பழைய நான்கு தூண் வலையைக் கழற்றாமல், புதியதைப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். புதியது தடுமாறினால் போக்குவரத்து பழைய வழியில் போய்க்கொள்ளும். நடுவில் ஓடிய கொள்ளளவு 2 டெராபிட்டிலிருந்து 10 டெராபிட்டுக்கு ஏறியது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய அமைப்பில் புதியதை இப்படி நுழைத்த பக்குவத்தை, பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் க்ளோஸின் நிரூபணத்தோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதன் பிறகு வேகம் பிடித்தது. 2008இல் வாட்ச்டவர், 16 போர்ட் சில்லுகளைக் கொண்டு 82 டெராபிட். கேபிள்களின் காடு தாங்க முடியாமல் போனதால், இழைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து இழுக்கும் முறையும் அதோடு வந்தது. கட்டடத்தில் வலையை எழுப்ப ஆகும் காலம் வாரக் கணக்கில் குறைந்தது. 2009இல் சாட்டர்ன், 24 போர்ட் சில்லு, 207 டெராபிட். 2012இல் ஜூபிட்டர், 40 கிகாபிட் போர்ட்டுகள் 16 கொண்ட சில்லுகள், 1.3 பீட்டாபிட். ஒரு லட்சம் சர்வர்கள் தலா 10 கிகாபிட் வேகத்தில் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளப் போதுமான அளவு அது. நான்கு தூண் வலையின் 2 டெராபிட்டோடு ஒப்பிட்டால் எட்டே ஆண்டுகளில் 650 மடங்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியது சில்லின் போர்ட்டுகளும் அவற்றின் வேகமும்தான். கட்டும் முறை க்ளோஸுடையது.

சுவிட்ச்கள் ஆயிரக்கணக்கில் ஆனபோது அவற்றுக்கு வழி சொல்வதும் தனிப் பிரச்சினையானது. இணையத்தில் ஓடும் வழிகாட்டும் நெறிகள், எந்த வலை எங்கே இருக்கிறது என்று தெரியாத ஓர் உலகத்துக்காகச் செய்யப்பட்டவை. ஒவ்வொரு ரவுட்டரும் அண்டை வீட்டாரிடம் கேட்டுக் கேட்டு உலகத்தின் வரைபடத்தை உருவாக்கிக்கொள்ளும். தரவு மையத்தில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கட்டியவருக்கு முன்பே தெரியும். ஆகவே கூகுள் ஃபயர்பாத் என்ற சொந்த நெறியை எழுதி, எந்த இணைப்பு அறுந்திருக்கிறது என்ற செய்தியை மட்டும் ஒரு தலைமைக் கணினியில் சேகரித்து, அங்கிருந்து எல்லாச் சுவிட்ச்களுக்கும் பரப்பியது. மைக்ரோசாஃப்ட் வேறு பாதையில் போனது. இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பி.ஜி.பி. நெறியையே தரவு மையத்துக்குள் கொண்டுவந்தது. 2016இல் அந்த முறை எல்லாருக்கும் பயன்படும்படி இணையப் பொறியியல் குழுவின் ஆவணமாக வெளியானது. இன்று உலகில் பெரும்பாலோர் பின்பற்றுவது இந்த இரண்டாவது வழியைத்தான்.

கூகுள் இதையெல்லாம் பத்தாண்டு காலம் வெளியே சொல்லவில்லை. 2015இல் லண்டனில் நடந்த, கணினி வலைகளுக்கான சிக்காம் மாநாட்டில்தான் ஐந்து தலைமுறைகளின் கதையும், ஃபயர்ஹோஸ் 1.0இன் தோல்வி உட்பட, அச்சில் வந்தது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அதே யோசனை வேறொரு வாசல் வழியாகப் பொதுவெளிக்கு வந்துவிட்டிருந்தது. 2008இன் சிக்காம் மாநாட்டில், சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் முகமது அல்-ஃபாரஸ், அலெக்சாண்டர் லூக்கிசாஸ், அமின் வாதத் மூவரும் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். சாதாரண 48 போர்ட் சுவிட்ச்களை மட்டும், 2,880 எண்ணிக்கையில், கொழுத்த மர அமைப்பில் கட்டினால் 27,648 சர்வர்கள் முழு வேகத்தில் பேசலாம் என்று கணக்குக் காட்டினார்கள். அவர்கள் ஒப்பிட்ட அன்றைய விலைகள் நிலைமையைத் தெளிவாகச் சொல்கின்றன: 48 போர்ட் கிகாபிட் சுவிட்ச் 7,000 டாலர், 128 போர்ட் கொண்ட 10 கிகாபிட் பெட்டி 7,00,000 டாலர். அந்தக் கட்டுரைக்குப் பிறகு, பெரிய பெட்டி இல்லாமல் பெரிய வலை முடியாது என்று யாரும் வாதிட முடியவில்லை. வாதத் பின்னர் கூகுளுக்கே போய்ச் சேர்ந்தார். 2015 கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது.

கூகுளைப் போல் சொந்தமாகச் சுவிட்ச் செய்துகொள்ள எல்லாராலும் முடியாது. சந்தையில் கிடைக்கும் சில்லை வாங்கி, நல்ல மென்பொருள் எழுதி, பெட்டியாகக் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த இடத்துக்கு வந்தவர்கள் இந்தத் தொடரில் ஏற்கனவே தலைகாட்டியவர்கள். சன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டி பெக்டால்ஷைமும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டேவிட் செரிட்டனும் 1995இல் கிரானைட் என்ற கிகாபிட் சுவிட்ச் நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே 22 கோடி டாலருக்கு சிஸ்கோவிடம் விற்றார்கள். 1998இல் லேரி பேஜுக்கும் செர்கேய் பிரின்னுக்கும் முதல் முதலீடு கொடுத்தவர்களில் இவர்கள் இருவரும் அடக்கம். பெக்டால்ஷைம் ஒரு லட்சம் டாலர் காசோலை எழுதியது, பாலோ ஆல்டோவில் செரிட்டன் வீட்டு முகப்பில் நடந்த சந்திப்புக்குப் பிறகு. 2004இல் கென்னத் டூடாவைச் சேர்த்துக்கொண்டு மூவரும் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் அரிஸ்டா என்று பெயர் பெற்றது. 2008இல் சிஸ்கோவிலிருந்து வந்து தலைமைப் பொறுப்பை ஏற்ற ஜெயஸ்ரீ உல்லால் இன்றுவரை அதை நடத்துகிறார்.

அரிஸ்டாவின் பலம் மென்பொருள். டூடாவின் வடிவமைப்பில், சுவிட்ச்சுக்குள் ஓடும் ஒவ்வொரு நிரலும் தன் நிலையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் நடுவிலுள்ள ஒரு தரவுத்தளத்தில் எழுதிவைக்கும். ஒரு நிரல் உடைந்தால் அதை மட்டும் மறுபடி கிளப்பினால் போதும். விட்ட இடத்திலிருந்து தொடரும், பாக்கெட்டுகள் நிற்காது. அடியில் ஓடியது மாற்றாத லினக்ஸ். முதலில் வாங்க வந்தவர்கள் பங்குச் சந்தை வணிகர்கள். ஃபுல்க்ரம் சில்லு வைத்த 24 போர்ட் பெட்டி ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான தாமதத்தில் பாக்கெட்டைக் கடத்தியது. அவர்களுக்கு அதுவே பணம். பிறகு மைக்ரோசாஃப்ட் போன்ற பெரும் தரவு மையக்காரர்கள் வந்தார்கள். ஃபேஸ்புக் 2014இல் சுவிட்ச்சைத் தானே வடிவமைத்து, அந்த வரைபடத்தையும் திறந்து வெளியிட்டது.

இவ்வளவு வழிகள் திறந்ததால் புதிய தொல்லைகளும் வந்தன, மறைக்க வேண்டியதில்லை. ஒரே இடத்துக்குப் போக நூறு வழிகள் இருக்கும்போது எந்தப் பாக்கெட்டை எதில் அனுப்புவது? ஓர் உரையாடலின் பாக்கெட்டுகள் வரிசை மாறிப் போய்ச் சேரக் கூடாது. ஆகவே அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும் போர்ட் எண்களையும் ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் எண்ணை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரேஷன் கடையில் அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நான்கு வரிசையாகப் பிரித்துவிட்டால், ஒரு வரிசை தெருமுனை வரை நீள, பக்கத்து வரிசையில் ஆளே இல்லாமல் போவதுண்டு. இங்கும் அப்படித்தான்: இரண்டு பெரிய உரையாடல்கள் தற்செயலாக ஒரே கம்பியில் விழுந்தால் இரண்டும் பாதி வேகத்தில் ஓடும், பக்கத்துக் கம்பி சும்மா கிடக்கும். சிறிய தேக்கம் இன்னொரு தொல்லையைக் கொண்டுவந்தது. நூறு கணினிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டால் நூறு பதில்களும் ஒரே கணத்தில் ஒரே போர்ட்டுக்கு வந்து மோதும். 9 மெகாபைட் நிரம்பி வழிந்து பாக்கெட்டுகள் விழும். 2010இல் ஸ்டான்ஃபோர்டும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வெளியிட்ட டி.சி.டி.சி.பி. முறை, தேக்கம் நிறையத் தொடங்கும்போதே சுவிட்ச் பாக்கெட்டில் ஓர் அடையாளமிட்டு, அடையாளம் எத்தனை பாக்கெட்டில் வந்தது என்ற விகிதத்துக்கு ஏற்ப அனுப்புநரின் வேகத்தைக் குறைக்கச் சொன்னது. முதல் தொல்லைக்கு இன்னும் முழுத் தீர்வில்லை. செயற்கை நுண்ணறிவுக் கணினிகள் வந்தபின் அது பல மடங்கு பெரிதாகித் திரும்பியிருப்பதைப் பின்வரும் பகுதிகளில் பார்ப்போம்.

சுவிட்ச் யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதில் நடந்த இந்த மாற்றம் தரநிலைக் குழு வரை எட்டியது. 2010இல் ஐஇஇஇ 40 கிகாபிட், 100 கிகாபிட் இரண்டையும் தரநிலையாக அறிவித்தது. 40 கிகாபிட் என்பது 10 கிகாபிட் தடங்கள் நான்கைச் சேர்த்தது. சில்லிலிருந்து வெளியே வரும் தடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு சர்வருக்கு நான்கு தடம் கொடுத்தால் ஒரு சுவிட்ச்சில் நான்கில் ஒரு பங்கு சர்வர்களைத்தான் மாட்ட முடியும். அதற்குள் ஒரு தடமே 25 கிகாபிட் தாங்கும் அளவுக்குச் சில்லு வளர்ந்திருந்தது. ஒரே தடத்தில் சர்வருக்கு 25, நான்கு தடத்தில் மேலே போக 100 என்பது தரவு மையக்காரர்களுக்குக் கச்சிதமான கணக்கு. 25 என்ற வேகமோ பத்துப் பத்தாகப் பெருகி வந்த ஈதர்நெட் பட்டியலில் இல்லை, தரநிலைக் குழு முதலில் அதைக் கையில் எடுக்கவும் இல்லை. 2014 ஜூலையில் கூகுள், மைக்ரோசாஃப்ட், அரிஸ்டா, பிராட்காம், மெலனாக்ஸ் ஐவரும் சேர்ந்து தாங்களே ஒரு கூட்டமைப்பை அமைத்து அதற்கான விதிகளை எழுதத் தொடங்கினார்கள். பிறகு ஐஇஇஇயும் வேலையை ஏற்று 2016 ஜூனில் தரநிலையை முடித்துக்கொடுத்தது. அதற்கு ஒன்றே முக்கால் ஆண்டுக்கு முன்பே, 2014 செப்டம்பரில், 25 கிகாபிட் தடங்கள் 128 கொண்ட டோமஹாக் சில்லைப் பிராட்காம் அறிவித்துவிட்டிருந்தது.

(தொடரும்)